கோஷம் பொறுக்கியவர்கள்

பூளப்பாளையத்தில் ஒரு புதன்கிழமை காலையில், மில் கேட்டுக்கு முன்னால் நின்று இருநூறு பொம்பளைகள் ஒரே மூச்சில் போட்ட கோஷம், கேட்டைத் தாண்டாமல், காற்றில் ஏறாமல், அவரவர் வாய்க்கு நேர் கீழே, கொட்டைப்பாக்கு உதிர்கிற மாதிரி பொலபொலவென்று தரையில் விழுந்தது. என்னுடையது என் செருப்பு மேலேயே விழுந்தது. சத்தம் என்று ஒன்றும் வரவில்லை. வாய்கள் திறந்தன, மூடின, கைகள் ஏறின, இறங்கின, எதிர் டீக்கடையில் வடை வேகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. என் பக்கத்து மெஷின் ராமாத்தாக்கா குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறம். கையில் வைத்தால் லேசான சூடு. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அட, இது என்ற கொரலுங்க!" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. சாதாரணமாகப் பேசினால் பேச்சு கேட்டது, கோஷம் போட்டால் மட்டும் விழுந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே ஓடுகிற மெஷினைப் பார்க்கிறவளுக்கு, அறுந்த நூலைத் தேடிப் பிடித்து ஒட்டுகிறவளுக்கு, ஆச்சரியப்பட ஏது நேரம்?

நின்றுகொண்டே என்றேன் இல்லையா, எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

எங்கள் மில்லில் உட்காரக் கூடாது. உட்காராதே என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை, உட்கார எதையும் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஷிப்டு தொடங்குவதிலிருந்து முடிகிறவரை நிற்க வேண்டும், நடக்க வேண்டும், வீட்டுக்குப் போனபிறகு கால் மரக்கட்டை மாதிரி வேறு யாருடையதோ போலக் கிடக்கும். என் அக்கா சுகந்தி ஆறு மாசம் முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் காலி பாபின் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். மேனேஜர் வந்து பார்த்தபோதும் அவள் கை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவர் கையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"உக்காரணும்னா வீட்ல போய் உக்காந்துக்கம்மா" என்று சொல்லி அப்படியே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மில்லுக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் எழுந்து நின்றதை நான் பார்த்ததே இல்லை. இங்கே ஒருத்தி உட்கார்ந்ததற்காக இருநூறு பேர் வெளியே வந்தார்கள். சுகந்தியைத் திரும்ப எடு, உட்கார ஸ்டூல் கொடு. கேட்டது இந்த இரண்டும்தான்.

அன்றைக்கே சந்தைக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் தோழர் கந்தவேலு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து நடுவில் நின்றார். நல்ல மனுசன். மில்லில் வேலை பார்த்துக் காது பாதி போனவர், ஆனால் யாராவது அழுதால் மட்டும் அவருக்குக் கேட்டுவிடும். ஸ்ட்ரைக் முடிகிறவரை யார் வீட்டிலும் அடுப்பு அணையக் கூடாது, அதனால் கஞ்சித்தொட்டி வைக்கலாம் என்றார்; வீட்டுக்கு ஒரு படி அரிசி, ஒரே அண்டா, ஒரே வரிசை, எல்லாருக்கும் ஒரே கஞ்சி. கேட்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

அப்போதுதான் காலனியிலிருந்து மாசாணியக்கா தன் ஆட்களோடு வந்தார். மெஷினுக்கு அடியில் படுத்துப் பஞ்சுத் தூசி கூட்டுகிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், மில்லுக்கு முன்னால் ரோட்டையும் கூட்டுகிறவர்கள். மாசாணியக்காவுக்கு என் அம்மா வயசு. ஆனால் என் வயசுப் பிள்ளைகள்கூட அவரை "மாசாணி, இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் எங்களை "அம்மிணி, வாங்க" என்பார். மில்லில் அதுதான் வழக்கம்.

"நீங்க நின்னே கெடக்கறீங்க, நாங்க குனிஞ்சே கெடக்கறமுங்க" என்றார் மாசாணியக்கா. "எங்களுக்கும் சேத்தி ஒண்ணு கேளுங்க. நாளைல இருந்து நாங்களும் உள்ள போகல."

ராமாத்தாக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "ஸ்டூலுன்னா மெசினுக்குப் பக்கத்துல போடறதுல்ல? உனக்கு எங்க போடுவாங்க, கக்கூசுக்குள்ளயா?"

சிரித்தார்கள்.

"எங்கயோ போடட்டுமுங்க. உங்க வாசல்ல போடச் சொல்லலியே" என்றார் மாசாணியக்கா. அதற்கும் சிலர் சிரித்தார்கள். நான் சிரித்தது இதற்குத்தான்.

தோழர் கந்தவேலு துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "இத பாரு மாசாணி, நூலத் தொடறவங்கதான் மில் தொழிலாளின்னு சங்கத்துல ஒரு விதி இருக்குது. மொதல்ல இது ஜெயிக்கட்டும். எல்லாத்தையும் ஒண்ணா சேத்தினா கோரிக்க கனமாயிரும், தூக்க முடியாது. அப்பறம் உங்களுக்குன்னு தனியாப் பேசலாம்."

அவர் விதி என்று சொன்னது சாதியை. ஒரே அண்டா, ஒரே வரிசை என்று சொல்லியாகிவிட்டது. அந்த வரிசையில் காலனி ஆட்கள் வந்து நின்றால் பாதிப்பேர் தட்டோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதை வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்பட்டு நூலைப் பிடித்துக்கொண்டார். எல்லாருக்கும் தெரியும். மாசாணியக்காவுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும்.

"சரிங்க" என்றார். "நூலத் தொடாதவிய நாங்க வேலைக்கே போறமுங்க. நாளைக்கு எங்கள ஒண்ணும் சொல்லப்படாது."

மறுநாள்தான் கோஷம் விழுந்தது.

அதற்கப்புறம் தினமும் விழுந்தது. காலையில் போட்டது காலையில் விழுந்தது, மத்தியானம் போட்டது மத்தியானம் விழுந்தது, மைக் வைத்துப் போட்டால் கொஞ்சம் பெரிதாக, தேங்காய்த் துண்டு அளவுக்கு விழுந்தது. கொஞ்ச நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. டீக்கடைக்காரர் பேப்பர் பறக்காமல் இருக்க அதை வைத்தார். பிள்ளைகள் அஞ்சாங்கல் ஆடினார்கள், தூக்கிப் போட்டுப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் கைக்குள்ளிருந்து "வேண்டும் வேண்டும்" என்று ஒரு பொம்பளைக் குரல் முனகியது. மளிகைக்கடையில் அரிசி மூட்டைக்குள் போட்டால் வண்டு வராது என்று யாரோ கிளப்பிவிட, வண்டும் வராமல்தான் போனது. தறி ஓட்டுகிற செல்லமுத்து அண்ணன், கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் சத்தமாக ஒரு வார்த்தை பேசாத தன் பொண்டாட்டி கத்தின கோஷம் ஒன்றை ரோட்டில் கண்டெடுத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்துக் கேட்டு, கேட்டு, பயந்துபோய், அந்த வாரம் முழுக்க வீட்டுக்குத் தானே தண்ணீர் பிடித்தார். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் காற்றழுத்தம் என்றார், ஜோசியர் சனி என்றார், இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பேரூராட்சி ஒரு போர்டு வைத்தது: சாக்கடை ஓரம் நின்று கோஷமிடக் கூடாது, அடைத்துக்கொள்கிறது.

ஏன் விழுகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மில்லுக்கு உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டு, "வெளிய நிக்கறாங்க சார், ஆனா சத்தமே போடறதில்ல, நல்ல பொம்பளைங்க" என்று சொன்னதாக வாட்ச்மேன் சொன்னார். எங்களுக்கு அவமானமாக இருந்தது. தொண்டை கிழியக் கத்திவிட்டு நல்ல பொம்பளை என்று பேர் வாங்குவதைப் போல ஒரு கேவலம் கிடையாது.

மில்லுக்கு முன்னால் ரோடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் போட்டதை எல்லாம் மாசாணியக்காவும் அவர் ஆட்களும் தென்னம்விளக்குமாற்றால் கூட்டி, கூடையில் அள்ளி, தலையில் வைத்து, எங்களைத் தாண்டி, எங்களுக்குத் திறக்காத அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கொட்டினார்கள். முதலில் கழிவுப் பஞ்சு கொட்டுகிற கொட்டகையில். அது நிறைந்ததும் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால், அதுவும் நிறைந்ததும் கக்கூஸ் சுவரோரம், மேனேஜர் ரூம் மாடிப்படிக்கு அடியில், எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம்.

அவர்கள் உள்ளே போகும்போது ராமாத்தாக்கா கத்துவார். "கருங்காலிக! எங்க வயித்துல அடிச்சுட்டு உள்ள போறாளுக பாரு!"

ஒரு நாள் மாசாணியக்கா நின்றார். கூடையை இறக்கவில்லை. "கருங்காலின்னு சொல்லோணும்னா மொதல்ல கூட்டத்துல சேத்திருக்கோணுமுங்க. சேக்காதவள எப்படிங்க கருங்காலிங்கறது? வெளிய நிக்கறவ எங்க இருந்து வெளிய போவா?"

எனக்கு அந்த நிமிஷமே மாசாணியக்காவைப் பிடித்துப்போனது. தலையில் அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு அப்படிப் பேச யாரால் முடியும்!

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டே வந்தவர், வேப்பமரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகந்திக்குப் பக்கத்தில் வந்ததும் விளக்குமாற்றை நிறுத்தினார். "அம்மிணி, மில்லு ஆஸ்டல் ரூமெல்லாம் கழுவச் சொல்லிட்டாங்க. திங்கக்கெழம வடக்க இருந்து பஸ்ல ஆளு வருது. அவிய வந்து மெசினுக்கு நின்னுட்டா உங்க கதை முடிஞ்சுது."

"எங்ககிட்ட எதுக்கு சொல்றீங்க?" என்றாள் சுகந்தி.

"நீங்க உக்காந்தீங்கல்ல" என்றார். "அன்னிக்கு நான் மெசினுக்கு அடியில படுத்துக் கூட்டிட்டிருந்தன். பாத்தன். எனக்கே உக்காந்த மாதிரி இருந்துது. அதுக்காவச் சொல்றன்."

சுகந்தி நேரே கஞ்சித்தொட்டிக்குப் போனாள். வரிசை நின்றிருந்தது, அண்டாவில் கஞ்சி கொதித்து இறக்கியிருந்தது. அவள் அண்டாவுக்குள் கிடந்த பெரிய கரண்டியை எடுத்து உதறிக் கையில் பிடித்துக்கொண்டு, வயிறு முன்னால் போக, காலனிப் பக்கம் நடந்தாள். கரண்டி இல்லாமல் கஞ்சி இல்லை. இருநூறு பேரும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள். நான் பின்னால் ஓடினேன்.

மாசாணியக்கா அப்போதுதான் மத்தியான இடைவேளைக்கு வந்து, வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"இப்ப என்னத்துக்குங்க? கோஷம் உளுகுதே, எங்கள வெச்சுத் தூக்கிப் பாக்கலாம்னா?"

"ஆமா" என்றாள் சுகந்தி. "அதுக்குத்தான். வேற எதுக்குன்னு பொய் சொல்றது? ஆனா உங்களுக்கும் சேத்தி ஸ்டூல் குடுக்காம அந்தக் கேட்டுக்குள்ள நான் கால வெக்க மாட்டன். இது என்ற வயித்து மேல சத்தியம், மாசாணியக்கா."

அக்கா என்று அன்றைக்குத்தான் ஒருத்தி கூப்பிட்டாள். மாசாணியக்கா கையிலிருந்த சேலையைப் பிழிந்தார், ஏற்கெனவே பிழிந்த சேலைதான், இன்னொரு முறை பிழிந்தார்.

"வயித்தயெல்லாம் எதுக்கு இழுக்கறீங்க?" என்றார். "ரெண்டு சொல்றன். கஞ்சி நான் ஊத்துவன். கோஷம் நான் எடுத்துக் குடுப்பன், நீங்க பின்னால சொல்லோணும். முடியாதுன்னா கரண்டியக் கொண்டுட்டுப் போயிருங்க, கஞ்சி ஆறுது."

கரண்டி கை மாறியது.

காலனியிலிருந்து அவர்கள் நடந்து வந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கூட்டுகிறவர்கள் எல்லாரும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்கள். மாசாணியக்கா அண்டாவுக்குப் பின்னால் போய் நின்று, கரண்டியால் ஒரு சுற்றுக் கலக்கி, நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தரும் நகரவில்லை. எல்லாரும் தோழர் கந்தவேலுவைப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தோள் மாற்றினார், மறுபடியும் மாற்றினார். எனக்கு என்றால் பயங்கரப் பசி. இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கஞ்சி பசையாகிவிடும் என்று தோன்றியது. தட்டை நீட்டினேன். ஊற்றினார். குடித்தேன்.

அப்புறம் சுகந்தி. அவளுக்குப் பின்னால் தோழர் கந்தவேலு, ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

"ஆக்குனது உங்க ஆளுங்க தோழரே. ஊத்தறது மட்டுந்தான் நானு" என்றார் மாசாணியக்கா.

அதற்குச் சிரித்த சிரிப்பில்தான் வரிசை நகர்ந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். ராமாத்தாக்கா தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார், அவர் பின்னால் ஒரு கூட்டமே போனது. இருந்தவர்களும் வீட்டில் என்ன சொல்வார்களோ, சொந்தத்தில் என்ன பேசுவார்களோ என்று முகம் வெளுத்து, பயந்துகொண்டேதான் குடித்தார்கள். ஆனால் குடித்தார்கள். பயந்துகொண்டே செய்தாலும் செய்ததுதான். அந்த முகங்கள் ஒவ்வொன்றையும் எனக்குப் பிடிக்கும்.

மறுநாள் கேட்டுக்கு முன்னால் நின்றபோது தோழர் கந்தவேலு பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, "நூல் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!" என்றார். அது அவர் கால் பெருவிரல் மேல் விழுந்தது. நன்றாக வலித்திருக்கும்.

"நகருங்க தோழரே" என்றார் மாசாணியக்கா.

அவர் இடத்தில் வந்து, கேட்டைப் பார்த்து நின்றார். குனிந்தே பழகின முதுகு, நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நூலத் தொடறவிய உக்காரோணும்! தூசி கூட்டறவிய உக்காரோணும்! எல்லாரும் உக்காரோணும்!"

விழவில்லை. அவர் வாய்க்கு முன்னால், முகவாய் மட்டத்தில், மேலே போவதா கீழே போவதா என்று தெரியாத பஞ்சு மாதிரி நின்றது. நாங்கள் பின்னால் சொன்னோம். எங்களுடையதும் அதன் பக்கத்தில் போய் நின்றது. மறுபடியும் சொன்னார், மறுபடியும் சொன்னோம், எல்லாம் மெதுவாக ஏறியது, கேட்டின் மேல் கம்பியைத் தொட்டது, தாண்டியது, உள்ளே போனது.

உள்ளே போனதும் உள்ளே கிடந்தவை பதில் சொன்னன. கழிவுக் கொட்டகையில், ஸ்டோர் ரூமுக்குப் பின்னால், கக்கூஸ் சுவரோரம், மாடிப்படிக்கு அடியில், அத்தனை நாளும் நாங்கள் போட்டு இவர்கள் பொறுக்கிக் குவித்த அத்தனை கோஷமும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. மில் சங்கு அமுங்கிப்போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, ஊரில் இருந்த கோழியெல்லாம் கூரை மேல் ஏறியது, டீக்கடைப் பேப்பர் மேல் இருந்ததும் அரிசி மூட்டைக்குள் இருந்ததும் செல்லமுத்து அண்ணன் சட்டைப் பையில் இருந்ததும் சேர்ந்து கத்தின. மில்லில் இருந்த பஞ்சையெல்லாம் காதில் அடைத்துக்கொண்டும் தாங்காமல் மேனேஜர் கேட்டுக்கு ஓடி வந்தார்.

"நிறுத்தச் சொல்லு மாசாணி!"

"அது நான் போட்டதில்லீங்க. கூட்டி வெச்சது மட்டுந்தான்" என்றார் மாசாணியக்கா.

ஞாயிற்றுக்கிழமையும் அது நிற்கவில்லை. திங்கட்கிழமை வடக்கிலிருந்து பஸ் வந்தது. இறங்கின பிள்ளைகள் என் வயசுதான். பாஷை தெரியாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மாசாணியக்கா ரோட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். உட்காருவதற்குப் பாஷை எதற்கு? பஸ்ஸிலேயே கால் வீங்கி வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். இவர்களைச் சேர்ப்பதா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. தோழர் கந்தவேலுவின் கால் விரலில் இன்னும் வீக்கம் இறங்கவில்லை. அவர் தட்டு எடுத்துவரப் போனார்.

சாயங்காலம் முதலாளி ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட நிமிஷத்தில் சத்தம் நின்றது.

சில பேரை விட்டுவிட்டுப் போராடினால் ஜெயிக்காதா என்று என்னைக் கேட்டால், ஜெயிக்கும், எத்தனையோ இடத்தில் ஜெயித்திருப்பார்கள், ஜெயித்தது எப்படி நிற்கிறது என்று அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் ஊரில் நடந்ததை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

ஸ்டூல்கள் டெம்போவில் வந்து இறங்கின. சுகந்தி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். மெஷின்காரர்களுக்கு எல்லாம் போட்டு முடித்து, கூட்டுகிறவர்களுக்கும் போட்டபிறகுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் காலை வைத்தாள். ராமாத்தாக்காவும் அவரோடு திரும்பிப் போனவர்களும் வந்து ஆளுக்கொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு எரிந்தது. "இவங்களுக்கு எதுக்குக்கா?" என்றேன்.

"எல்லாரும்னுதான கத்துனோம் அம்மிணி" என்றார் மாசாணியக்கா. பிறகு தன்னுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டார்.

"ச்சை, ஆடுதுங்க."

கடைசியாக வந்த ஸ்டூல், ஒரு கால் குட்டை. தச்சரைக் கூப்பிடட்டுமா என்று தோழர் கந்தவேலு கேட்டார். மாசாணியக்கா நேரே வெளியே போய், கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்துவந்தார். சாம்பல் நிறம், கொட்டைப்பாக்கு அளவு. அதை மட்டும் யாரும் கூட்டி அள்ளவில்லை, ஊரே கத்தினபோதும் அது ஒன்றுதான் வாயைத் திறக்கவில்லை. காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார். நானும் கேட்டேன். நூல் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக.

வாங்கி, குட்டைக் காலுக்கு அடியில் வைத்து, உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருமுறை அசைந்து பார்த்தார்.

"இப்ப ஆடல" என்றார்.